பந்து விழுமுன் திரும்பியவர்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீளமான, ஒட்டிய முதுகு. நடுவில் எலும்பு முடிச்சுப் போட்ட கயிறு போல ஓடும். முதுகு மனதில் நின்றதற்குக் காரணம் உண்டு. அவர் கூடைப்பந்து ஆடுகிறவர். பந்தை வளையத்தை நோக்கி எறிந்த கையோடு, அது மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார். மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்போம். அவர் ஒருவர் மட்டும் கடையில் உப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி எதிர்த்திசையில் நடந்துகொண்டிருப்பார். நடந்துகொண்டே சொல்வார்: “சுடா மாசோக்.” உள்ளே போயாச்சு என்று அர்த்தம். பந்து அப்போது பாதி வழியில்கூட இருக்காது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. மனிதர் எதையும் இலவசமாகச் செய்து பழகாதவர். பெயரை அச்சில் போட்டுவிட்டேன் என்று தெரிந்தால் மேலே இருந்து ஆள் அனுப்பிக் கூலி கேட்பார்.

ஊர் மலாக்காவில் காஜா பேராங். அங்கே செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில் அவர் வீடு. மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சாமி நம் சாமி, நெற்றியில் திருநீறு, உடுப்பு சாரோங், வாயைத் திறந்தால் மலாய். அதிலும் அவர்கள் வீட்டுக்கென்று ஒரு தனி மலாய். அவருக்குத் தமிழில் தெரிந்தவை உறவுமுறைகளும் பலகாரப் பெயர்களும்தான். என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன். மீதியெல்லாம் மலாயில் நடக்கும். இங்கே அதை நான் தமிழாக்கித் தருகிறேன். நகைச்சுவை குறைந்திருந்தால் குற்றம் என்னுடையது.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் “பந்து” என்பார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ஒரு சீன மளிகை முதலாளி தன் அணிக்காக அவரை வைத்திருந்தார். சொந்த இனத்தான் அல்லாத ஒருவரை அந்த அணியில் சேர்த்தது அதுதான் முதல் தடவை. பேருக்கு அவர் கடைக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். பேனாவைத் தொட்டதில்லை. சனி, ஞாயிறு வந்தால் மூவாரில் ஆட்டம், சிங்கப்பூரில் ஆட்டம். மற்ற நாட்களில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பந்தை விரல் நுனியில் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் விளையாட்டையே தொழிலாகச் செய்து குடும்பத்துக்குச் சோறு போட்ட முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். அப்போது அதற்கு மரியாதையான பெயர் எதுவும் கிடையாது. “வெட்டி” என்பார்கள்.

எறிந்த பந்தெல்லாம் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாலில் ஒன்று விழாது. விழாத பந்துக்கும் அதே மாதிரிதான் திரும்புவார், அதே சுடா மாசோக். ஒரு நாள் தொடர்ந்து மூன்று பந்து வெளியே தெறித்தது. முதலாளி கோபமாக ஓடி வந்தார். “பார்த்தியா? மூணும் போகலை.” இவர் நின்று யோசித்துவிட்டு, “அப்ப வளையம் தப்பா இருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி வீம்புக்கு ஒரு தச்சனை வரவழைத்து ஏணியில் ஏற்றினார். தச்சன் மட்டக்கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் அரை அங்குலம் சரிந்திருக்கிறது என்று மேலே இருந்து கத்தினான். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இவர் அந்தத் தீர்ப்பைக் கேட்கக்கூட நிற்கவில்லை. தச்சன் ஏணியில் கால் வைத்தபோதே திரும்பி, குழாயடியில் முகம் கழுவப் போய்விட்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அங்கேதான் நான் வருகிறேன். என் திறமைகளைப் பட்டியல் போட அதிக நேரம் ஆகாது: சைக்கிள் மிதிப்பேன், டயர் ஒட்டுவேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. லாரிப் பட்டறையில் டியூப்புக்கு ஒட்டுப் போடும் வேலை. அவரைப் பின்னால் உட்காரவைத்து ஆட்டங்களுக்குக் கூட்டிப்போவேன். அவர் கால்கள் தரையைத் தொடும். மேட்டில் ஏறும்போது உட்கார்ந்தபடியே நடப்பார், எனக்கும் உதவியாக இருக்கும். கிளேபாங் கடற்கரையில் ஒரு தடவை மணலில் சறுக்கி இருவரும் விழுந்தோம். நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தபோது அவர் படுத்தபடியே சொன்னார்: “பரவாயில்லை தம்பி. நீ எப்படியும் விழுவேன்னு ஏறும்போதே தெரியும்.” என்மேலும் அவருக்கு நிச்சயம் இருந்தது. வேறு வகையான நிச்சயம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. முதலாளியின் கடை பூட்டிக் கிடந்தது. அவரோடு ஆடிய நான்கு சீன வாலிபர்களில் இருவரை முதல் மாதமே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த லாரி தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அவர் அம்மா ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. அணியின் பந்து மட்டும் அவரிடம் இருந்தது.

அந்தப் பந்து பாதி என் பிள்ளை. தோல் பந்து, உள்ளே ரப்பர் பை, வாயை நாடா போட்டு இறுக்க வேண்டும். பை கிழியும்போதெல்லாம் ஒட்டுப் போடுவேன். புதுப் பை கிடைக்காத காலம், அதனால் ஒட்டின்மேல் ஒட்டு. கடைசியில் ஒரு பக்கம் கனத்துவிட்டது. வேறு யார் எறிந்தாலும் பந்து குடித்தவன் மாதிரி தள்ளாடிப் போகும். அவர் எறிவதற்குமுன் உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டி, என் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துக்கொள்வார். ஒரு கலைஞனுக்கு இதைவிட வேறு என்ன அங்கீகாரம் வேண்டும்?

கூலி வாங்குவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஒரு பொட்டலம் உப்பு, ஒரு கூடை கிழங்கு, ஒரு தடவை பாதி சாரோங். ஆட்டத்துக்கு முன்னால் கேட்பார், சத்தமாகக் கேட்பார். கிழங்குக்காக ஆடுவதும் சிங்கப்பூரில் ஆடுவதும் அவருக்கு ஒன்றுதான். தலை அதே உயரத்தில்தான் இருந்தது.

அந்த வருடம் போகிக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போகியன்று செட்டிகள் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். நல்ல காலத்தில் சோறும் சம்பலும் பலகாரமும் இலை நிறைந்து வழியும். அந்த வருடம் கிழங்கு, கீரை, எங்கிருந்தோ அவர் ஆடிச் சம்பாதித்த ஒரே ஒரு கருவாடு. கருவாட்டை வறுத்து இலையின் நடுவில் வைத்து, அவர் அம்மா சாம்பிராணி காட்டினார். பிறகு திரையை இழுத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். உள்ளே செத்துப்போன தாத்தா வந்து சாப்பிடுகிறார், எட்டிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் எழுந்து போய்விடுவார்.

நான் பார்த்தேன்.

பக்தியில்லாமல் இல்லை. பசி. கருவாட்டு வாசனை திரையைத் தாண்டி வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது. திரையின் ஓரத்தை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். பக்கத்து வீட்டுப் பூனை இலையில் நின்றுகொண்டிருந்தது. கருவாடு அதன் வாயில் இருந்தது. அது என்னைப் பார்த்தது. சத்தம் போட்டால் நான் எட்டிப் பார்த்தது தெரிந்துவிடும். நான் சும்மா இருந்தேன், அது ஜன்னல் வழியாகப் போயிற்று.

திரையை விலக்கியபோது இலையில் கருவாடு இல்லை. அவர் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில். இவ்வளவு பஞ்சத்திலும் மனுஷன் தேடி வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீடே பிரகாசமாகிவிட்டது. நான் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல வரும், முகத்துக்கு வராது.

அண்ணன் வாசலில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

“பார்த்தே.”

“பூனை, அண்ணே.”

“தெரியும். வருஷா வருஷம் பூனைதான். நீ பார்த்தே, உனக்கு என்ன கிடைச்சுது? ஒரு பூனை. நாங்க பார்க்கலை, எங்களுக்குத் தாத்தா வந்துட்டுப் போனார். யாருக்கு லாபம்?”

எனக்குக் கருவாடு போனதுதான் வருத்தம்.

இரண்டு மாதம் கழித்துச் சயாம் பட்டியல் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். எங்கள் பட்டறையில் பதினோரு பேரின் பெயர் ஒட்டியிருந்தது. அதில் ஒன்றை நான் மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் என் பெயராகவே இருந்தது.

பட்டறைக்குத் தலைவராக ஒரு ஜப்பான் அதிகாரி இருந்தார். நறுக்கிய மீசை, கண்ணாடி, கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். சிங்கப்பூரில் இருந்த இன்னொரு படைப்பிரிவோடு அவருக்கு ஏதோ பழைய போட்டி. அவர்களை வெல்ல ஓர் அணி சேர்த்துக்கொண்டிருந்தார். அணியில் எட்டுப் பேர். ஆடுகிறவனுக்குச் சயாம் கிடையாது என்பது அவர் சொல்லாமல் சொன்ன ஏற்பாடு. நம் ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜப்பான் அதிகாரி கூப்பிட்டால் மற்றவர்கள் இடுப்பு வரை குனிந்து, என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவார்கள். இவரும் குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு, கூலி என்ன என்று கேட்டார்.

மொழிபெயர்த்த பட்டறைக் கிராணிதான் இதை எனக்குச் சொன்னார். அதிகாரி சிரித்தாராம். என்ன வேண்டும், அரிசியா என்று கேட்டாராம். ஒரு மூட்டை அரிசி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், அடுப்பில் கிழங்கு.

இவர் கேட்டது என்னை.

எட்டாவது ஆளாக என்னை எடுத்தால்தான் ஆடுவேன் என்றிருக்கிறார். பந்துக்கு ஒட்டுப் போடத் தேவைப்படுகிறவன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது, ஆடுகிறவனுக்குத்தான் இடம். அதனால் என்னைப் பற்றி ஒரு கதை கட்டினார். அவருக்கு எதையும் அளவாகச் சொல்ல வராது. நான் ஓட்டத்தில் சுமார்தான், ஆனால் தண்டக் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் மலாக்காவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை, தவறியதே இல்லை என்று அடித்துவிட்டார்.

கேள்விப்பட்டதும் அவரிடம் ஓடினேன். “அண்ணே, நான் பந்தைத் தைச்சிருக்கேன். எறிஞ்சதில்லையே.”

“எறியாதவன் தவறவிட்டதும் இல்லையே. நான் என்ன பொய்யா சொன்னேன்?”

பயிற்சி தொடங்கியது. நான் ஓடினால் பந்து ஓடாது, பந்து ஓடினால் நான் விழுவேன். என்னிடம் வந்த பந்து ஒன்று என் மூக்கில் பட்டு எதிரணிக்குப் போனது, அதையும் சாமர்த்தியமான பாஸ் என்று இவர் கைதட்டிப் பாராட்டினார். அதிகாரி கைதட்டவில்லை. மூன்றாம் நாள் கிராணி வழியாகத் தீர்ப்பு வந்தது: ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் அணியோடு நடக்கும் ஆட்டத்தில் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ ஒன்றை இவன் எறிய வேண்டும். விழுந்தால் அணியில் இருக்கட்டும். விழாவிட்டால் திங்கட்கிழமை காலை சயாம் லாரி. பொய் சொன்னவரை என்ன செய்வது என்று அப்புறம் யோசிப்பாராம்.

மீதி இருந்த நாட்களில் அந்தக் கோட்டில் நின்று எறிந்துகொண்டே இருந்தேன். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முட்டிக்குக் கீழே இறக்கி, தொட்டியில் இருந்து தண்ணீரை வீசுகிற மாதிரி மேலே விடுவது. அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் எறிவார்கள். பத்துக்கு ஒன்று விழுந்தது. நான் ஒட்டை உருட்டித் தேடிக் கீழே வைத்தேன், அது எனக்குச் சுலபம், போட்டவனுக்குத் தெரியாதா? இருந்தாலும் விழவில்லை. அவர் ஓரத்தில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டு பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து வந்தார்.

“உன் கையில தப்பு இல்லை. கை விடுறதுக்குள்ளே தலை மேல போகுது. விழுதா விழுதான்னு பார்க்குறே. அதே பூனைப் பார்வை. விட்டதும் திரும்பிடு.”

“திரும்பினா விழுமா?”

“விழும்.”

“அண்ணே, உண்மையா?”

“நான் எப்பவாவது பார்த்திருக்கேனா?”

இதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று யோசித்தபடியே தூங்கப் போனேன். தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன். பயம் வந்தால் எனக்குத் தூக்கம் வரும், பசி போகாது.

ஞாயிறு ஆட்டத்தை அவர் ஒருவரே ஆடினார் என்று சொல்லலாம். மற்ற நால்வரும் பந்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர்கள். எறிந்தார், திரும்பினார், எறிந்தார், திரும்பினார். சிங்கப்பூர் சிப்பாய்கள் முதலில் பந்தைப் பார்த்தார்கள், பிறகு அவர் முதுகைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் கால்மணி நேரத்தில் நாங்கள் இருபது புள்ளி முன்னால். எதிரணி வீரன் ஒருவன் ஆத்திரம் தாங்காமல் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தான். நடுவர் விசில் ஊதினார். நடத்தைக் கேடு, ஒரு ஃப்ரீ த்ரோ, அணியில் யார் வேண்டுமானாலும் எறியலாம்.

அதிகாரி நாற்காலியில் இருந்து எழவில்லை. என்னைப் பார்த்து விரலை மட்டும் நீட்டினார்.

கோட்டுக்குப் போனேன். சுற்றி நின்ற பட்டறை ஆட்களில் பட்டியலில் இருந்த மற்ற பத்துப் பேரும் இருந்தார்கள். நம் ஆள் என் பக்கத்தில் வரவில்லை. எனக்குப் பின்னால் வெகுதூரத்தில், நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார். பந்தை உள்ளங்கையில் உருட்டினேன். என் ஒட்டு விரலில் தட்டுப்பட்டது. கீழே வைத்தேன். முட்டியை மடக்கினேன். கை மேலே போயிற்று, பந்து போயிற்று, கழுத்து நிமிரத் துடித்தது.

திரும்பினேன்.

எனக்கு எதிரே அவர் நின்றார். அத்தனை வருடத்தில் ஒரு பந்து காற்றில் இருக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தது அப்போது ஒரு தடவைதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. கைகள் இரண்டும் முழங்கையில் மடிந்து, பந்தை அங்கிருந்தே தாங்கிக்கொள்கிற மாதிரி கொஞ்சம் உயர்ந்திருந்தன. இப்படி ஒரு பயந்த முகத்தை நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. பின்னால் பந்து வளையத்தில் மோதும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. அவர் தலை இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. பிறகு வாய் மூடியது.

கைதட்டல் எனக்குப் பின்னால் வந்தது. அவர் சட்டென்று திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி நடக்கத் தொடங்கினார்.

“சுடா மாசோக்,” என்றார்.

திங்கட்கிழமை லாரி நான் இல்லாமல் போனது. நான் போகாததால் பத்துப் பேர்தான் போயிருக்க வேண்டும், ஆனால் பதினோரு பேர் போனார்கள். என் இடத்தில் ஏற்றப்பட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. லாரி தெருமுனை திரும்பும்வரை நாங்கள் இருவரும் நின்றோம். அன்றைக்கு அவர் முதுகைக் காட்டவில்லை.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தார். கால்கள் தரையில் இழுபட்டன. பாதி வழியில் தைரியம் வந்து கேட்டேன்:

“அண்ணே, நேத்து எட்டிப் பார்த்தீங்களே.”

மேட்டில் காலை ஊன்றி நடந்தபடியே சொன்னார்:

“உன் படையல் அது. பூனை வந்தா விரட்ட ஒரு ஆள் வேணாமா?”

சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அரிசியும் வந்தது. அவர் பிறகும் பல வருடம் ஆடினார், கூலி கேட்டார், வாங்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடைசிவரை சைக்கிள் கற்றுக்கொள்ளவில்லை. நான் இப்போது புக்கிட் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள், தாத்தா ஒரு காலத்தில் ஜப்பான் அதிகாரியின் அணியில் இருந்தவர் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பந்து எப்படி விழுந்தது, வளையத்தைச் சுற்றியதா, பலகையில் பட்டதா என்று நச்சரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறேன். வேறு வழியில்லை. என் வாழ்நாளில் நான் ஆட்டத்தில் போட்ட ஒரே ஒரு பந்து அது. அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களில் அதைப் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.